வெள்ளையா மஞ்சளா என்று கடையில் நின்று முடிவு பண்ணாதீர்கள்

"அக்கா, ஒன்பது வாட்ஸ் பல்பு ஆறு குடுங்க."

"என்ன கலர்ப்பா?"

"வெள்ளைதான். மஞ்சள்னா கரண்ட் இழுக்குமே."

கடலூர் திருப்பாப்புலியூரில் லாரன்ஸ் ரோட்டை ஒட்டின சந்தில் எங்கள் எலெக்ட்ரிக்கல் கடை. கல்யாணமாகி வந்த புதிதில் மாமனாருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தவள், கூட்டமாக இருக்கிறதே என்று சில்லறை எண்ணிக் கொடுக்க உட்கார்ந்தேன். 22 வருஷமாக அதே கல்லாவில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மேலே சொன்ன மூன்று வரிப் பேச்சு வாரத்தில் பத்துத் தடவையாவது நடக்கும்.

மஞ்சள் கரண்ட் இழுக்கும் என்பது குண்டு பல்பு காலத்து எண்ணம். அன்றைக்கு வீட்டில் மஞ்சளாக எரிந்தது 60 வாட்ஸ், 100 வாட்ஸ் குண்டு பல்பு. வெள்ளையாக எரிந்தது 40 வாட்ஸ் டியூப் லைட். டியூப் லைட்டில் வெளிச்சமும் கூட, பில்லும் குறைச்சல். அதனால் மஞ்சள் என்றால் செலவு, வெள்ளை என்றால் சிக்கனம் என்று மனதில் ஊறிவிட்டது. கணக்கைப் பாருங்கள். 60 வாட்ஸ் குண்டு பல்பு தினம் 5 மணி நேரம் எரிந்தால் மாதத்துக்கு 9 யூனிட். 9 வாட்ஸ் எல்இடி அதே நேரம் எரிந்தால் 1.35 யூனிட். அது மஞ்சளாக எரிந்தாலும் அவ்வளவுதான், வெள்ளையாக எரிந்தாலும் அவ்வளவுதான். மஞ்சளில் வெளிச்சம் கொஞ்சம் குறைவாக வரும், அது ஒன்றுதான் வித்தியாசம்.

இரண்டும் ஏன் ஒரே அளவு கரண்ட் எடுக்கின்றன என்று பார்க்க வேண்டுமானால், கெட்டுப்போன எல்இடி பல்பு ஒன்றை ஹோல்டரிலிருந்து கழற்றி, வெள்ளை மூடியை எடுத்துப் பாருங்கள். உள்ளே அலுமினியத் தட்டில் சின்னச் சின்ன மஞ்சள் கட்டங்கள் ஒட்டியிருக்கும். அந்த மஞ்சள் வெறும் பூச்சு. அதற்கு அடியில் இருப்பது நீல வெளிச்சம் தரும் சில்லு. நீலம் அந்தப் பூச்சின் வழியாக வரும்போது நம் கண்ணுக்கு வெள்ளையாகிவிடுகிறது. பூச்சு எலுமிச்சை நிறமாக இருந்தால் அது வெள்ளை பல்பு, ஆரஞ்சு கலந்திருந்தால் மஞ்சள் பல்பு. அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா என்ற மூன்று பேருக்கு 2014-ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. அதே 2014-ல்தான் பாண்டியில் வீட்டுக்கு வீடு 7 வாட்ஸ் எல்இடி பல்பு சலுகை விலையில் கொடுத்தார்கள். நாட்டிலேயே முதலில் அங்கேதான். அடுத்த வருஷம் உஜாலா திட்டம் என்ற பெயரில் மற்ற மாநிலங்களுக்கும் போக ஆரம்பித்தது. எங்கள் கடைப் பரணில் குண்டு பல்பு அட்டைப்பெட்டி தூசி படிய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

சரி, பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வாட்ஸுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இன்னொரு எண் இருக்கும். 2700, 3000, 4000, 6500, இவற்றில் ஒன்று. பின்னால் 'கே' என்று ஒரு எழுத்து, கெல்வின் என்று அர்த்தம். பல்பின் நிறம் அதுதான்.

மஞ்சக்குப்பத்தில் எங்கள் அம்மா வீட்டுக்கு எதிரே ஒரு கொல்லுப்பட்டறை இருந்தது. துருத்தி ஊத ஊத இரும்பு முதலில் சிவக்கும், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் மஞ்சள், கடைசியில் கண் கூசுகிற வெளுப்பு. சூடு ஏற ஏற நிறம் வெளுத்துக்கொண்டே போகும். அந்தச் சூட்டின் அளவையே நிறத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். மெழுகுவத்திச் சுடர் 1900 பக்கம். குண்டு பல்பு 2700. உச்சி வெயில் சுமாராக 5500. மேகம் மூடின வானம் 6500, அதற்கு மேலும் போகும். எண் கூடக் கூட வெளுத்து நீலம் தட்டும், குறையக் குறைய மஞ்சளாகும். இதில் வேடிக்கை, எண் கூடின பல்புக்குப் பெயர் 'கூல்', குறைந்ததற்குப் பெயர் 'வார்ம்'. "வார்ம் வாங்கினா ரூம் சூடாயிடுமாக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. கடலூர் மே மாதத்துக்கு அது நியாயமான பயம்தான். ஆனால் ரூம் சூடாகாது.

கேட்காமல் எடுத்தால் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் 6500தான். எங்கள் கடை அலமாரியிலும் முன் வரிசை முழுக்க அதுதான். விற்பது அது என்பதால் அடுக்குவதும் அது, அடுக்கியிருப்பது அது என்பதால் விற்பதும் அது.

பல்பு விற்கிறவள் வீட்டிலாவது சரியாக இருந்ததா என்றால், இல்லை. நாங்கள் வீடு கட்டிக் குடிபோனபோது, தள்ளுபடியில் வந்த ஒரு முழுப்பெட்டி 6500 பல்பை மொத்த வீட்டுக்கும் மாட்டிவிட்டேன். ஹால், படுக்கையறை, பூஜை மாடம், மாடிப்படி எல்லாம் ஒரே வெள்ளை. மூன்றாம் நாள் ராத்திரி என் மாமியார் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏம்மா, ஆஸ்பத்திரி வார்டுல உக்காந்து சாப்புடற மாதிரி இருக்கு." தட்டைப் பார்த்தேன். நெய் ஊற்றின பருப்புச் சோறு சுண்ணாம்பு கலந்த மாதிரி வெளிறிக் கிடந்தது. ரோஷத்தில் அந்த வாரமே எல்லா அறைக்கும் 2700 மாற்றினேன். அது அடுத்த தப்பு.

மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை வெள்ளை, பிரஷர் மாத்திரை வெளிர் மஞ்சள். இரண்டும் ஒரே அளவு. அட்டையிலிருந்து பிரித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்துக்கொள்வார். மஞ்சள் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் கண் அதற்குப் பழகி, மஞ்சளாகத் தெரிவதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்ளும். வெளிர் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றாகிவிடும். ஒரு ராத்திரி பிரஷர் மாத்திரையை இரண்டாகப் போட்டுக்கொண்டு சர்க்கரை மாத்திரையை விட்டுவிட்டார். காலையில் எழுந்ததும் தலை சுற்றல். டப்பாவைக் கொட்டி ஜன்னலோரம் வைத்து எண்ணிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. நல்லவேளை, அதோடு போயிற்று. இப்போது படுக்கையறைக் கூரையில் 2700, மாத்திரை வைக்கிற அலமாரித் தட்டுக்கு மேலே மட்டும் 5 வாட்ஸில் ஒரு 4000, தனி ஸ்விட்ச். மாத்திரைகளும் அட்டையிலேயே இருக்கின்றன.

அதனால் கடையில் நான் இப்போது "எந்த ரூமுக்கு?" என்று கேட்பதில்லை. "அங்க உக்காந்து என்ன பண்ணுவீங்க, எத்தனை மணிக்கு?" என்றுதான் கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வரும். பரவாயில்லை.

சமையலறையிலிருந்து ஆரம்பிக்கிறேன், அங்கேதான் நிறம் தெரியாவிட்டால் சோறே கெடும். 2700 பல்பு வெளிச்சத்தில் வெங்காயம் வாணலியில் விழுந்த நிமிஷமே பொன்னிறம். 6500-ல், அதுவும் மட்டமான பல்பாக இருந்தால், கருகுகிற வரைக்கும் சாம்பலாகவே தெரியும். சமையலறைக்கு 4000 போடுங்கள். 'நேச்சுரல் ஒயிட்' என்று பெட்டியில் இருக்கும், மஞ்சளும் இல்லாமல் நீலமும் இல்லாமல் நடுவாந்திரம். நிறத்தைவிட முக்கியம், மாட்டுகிற இடம். முக்கால்வாசி வீட்டில் டியூப் லைட் நமக்கு முதுகுக்குப் பின்னால் இருக்கும். அடுப்படியில் நின்றால் நம் நிழல்தான் வெங்காயத்தின் மேல் விழும். மேடைக்கு மேலே, பரண் அடியில் இரண்டடி எல்இடி பட்டை ஒன்று மாட்டினால் அருவாமனையும் தெரியும், விரலும் தப்பும்.

சமையலறை பல்பில் இன்னொரு எண்ணையும் பாருங்கள், சிஆர்ஐ. வெளிச்சத்தில் ஒரு பொருளின் அசல் நிறம் எவ்வளவு ஒழுங்காகத் தெரிகிறது என்பதற்கான மதிப்பெண். குண்டு பல்புக்கு 100. நல்ல எல்இடியில் 80-க்கு மேல் போட்டிருக்கும். 90 கிடைத்தால் சமையலறைக்கும் கண்ணாடி முன்னாலும் காசைப் பார்க்காமல் வாங்கலாம். எண்ணே போடாத பல்பு நிறைய வருகிறது. அதற்கு என் சோதனை, உள்ளங்கை. பல்புக்குக் கீழே கையை விரித்துப் பாருங்கள். ரத்த ஓட்டம் தெரிந்து இளஞ்சிவப்பாக இருந்தால் சரி. சாம்பலோ பச்சையோ தட்டினால் அந்த பல்பில் சிவப்பு செத்துக் கிடக்கிறது. முதுநகரில் வாங்கின சங்கரா மீனின் செவுளை அதன் கீழே வைத்துப் பார்த்து, காலையில் பிடித்த மீனைப் பழசு என்று சண்டைக்குப் போவீர்கள்.

படுக்கையறைக்கு 2700 அல்லது 3000. தூக்கத்துக்கு மூளை மெலடோனின் என்ற ஒன்றைச் சுரக்கும். ராத்திரியில் நீலம் கலந்த வெளிச்சம் அந்தச் சுரப்பைத் தள்ளிப்போடும். எனக்கு இது படித்துத் தெரியவில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் அடித்து, நெய்வேலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் இல்லையா, அப்போது அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் தெருவே எட்டரை மணிக்குத் தூங்கியது. டிவி இல்லாததும் ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிவியை அணைத்துவிட்டு 6500 டியூப் லைட்டுக்குக் கீழே படுத்தால் அந்தத் தூக்கம் வருவதில்லை. விடிவிளக்கு வேண்டுமென்றால் சிவப்போ ஆரஞ்சோ எடுங்கள், நீலம் வேண்டாம். பழைய கண்ணாடி 'ஜீரோ வாட்ஸ்' பல்பு இன்னும் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயர்தான் ஜீரோ. 12, 15 வாட்ஸ் எடுக்கும். 9 வாட்ஸ் எல்இடி பல்பைவிட அதிகம்.

ஹாலுக்கு ஒரே நிறம் போதாது. பகலில் வேலை நடக்கிற இடம், ராத்திரியில் சாய்ந்து உட்காருகிற இடம். 4000-ல் ஒரு 20 வாட்ஸ் டியூப், சுவர் மூலையில் 3000-ல் ஒன்றோ இரண்டோ, தனித்தனி ஸ்விட்ச். இரண்டையும் சேர்த்து எரிய விடாதீர்கள். முகத்தில் பாதி மஞ்சளாகவும் பாதி வெளுப்பாகவும் தெரியும். அதேபோல ஒரே விளக்கில் நாலு பல்பு மாட்டுவதாக இருந்தால் நாலையும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுங்கள். எண் ஒன்றாக இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சாயல் மாறும்.

சுவர் நிறம் என்று ஒன்று இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் தங்கச்சி பாண்டியில் முத்தியால்பேட்டையில் இருக்கிறாள். திண்ணை, தாழ்வாரம் வைத்த பழைய வீடு, சிவப்புக் காவித் தரை. பீச் பக்கத்துக் கட்டடங்களைப் பார்த்து ஆசைப்பட்டு, தாழ்வாரத்துச் சுவருக்கு அந்த மாதிரி அடர் மஞ்சள் அடித்தாள். பகலில் அப்படி ஓர் அழகு. சாயந்திரம் லைட்டைப் போட்டதும் போன் பண்ணினாள்: "அக்கா, சுவரெல்லாம் பாசி புடிச்ச மாதிரி இருக்கு, பெயின்ட்காரன் ஏமாத்திட்டான்." பெயின்ட்காரர் பாவம். தலைக்கு மேலே எரிந்தது 6500. நீலம் தூக்கலான வெளிச்சம் மஞ்சள் சுவரில் பட்டால் பச்சைச் சாயல் வரும், காவித் தரையும் மண் நிறமாகச் செத்துப் போகும். 3000-க்கு மாற்றினாள், அன்றைக்கே சுவர் திரும்ப வந்துவிட்டது. உங்கள் சுவர் மஞ்சள், சந்தனம், காவி என்றால் 2700, 3000. வெளிர் நீலம், வெளிர் பச்சை, சாம்பல் என்றால் 4000. சுத்த வெள்ளைச் சுவர் என்றால் எது போட்டாலும் அந்த நிறத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும்.

பிள்ளைகள் படிக்கிற மேஜைக்கு 4000. கூரை விளக்கை மட்டும் நம்பாமல் மேஜை விளக்கு ஒன்று வையுங்கள், வலதுகையால் எழுதும் பிள்ளைக்கு இடது பக்கம். போன் கேமராவை பல்புக்கு நேரே காட்டினால் திரையில் பட்டை பட்டையாகக் கோடு ஓடுகிறதா பாருங்கள். கோடு அழுத்தமாக ஓடினால் பல்பு கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கிறது. அந்த பல்பு படிக்கிற இடத்துக்கு வேண்டாம், சிலருக்குத் தலைவலி கொடுக்கும்.

குளியலறைக் கண்ணாடிக்கும் 4000, கண்ணாடிக்கு மேலே இல்லாமல் இரண்டு பக்கமும். மேலே மாட்டினால் கண்ணுக்குக் கீழே நிழல் விழுந்து பத்து வயசு கூட்டும். பூஜை மாடத்துக்கு 2700-க்கு மேல் போகாதீர்கள். குத்துவிளக்குச் சுடர் பக்கத்தில் 6500 எரிந்தால் சுடர் இருக்கிற இடமே தெரியாது. மாடிப்படியில் நிறத்தை விடுங்கள், வெளிச்சம் தாராளமாக இருந்தால் போதும். வயசானவர்களுக்கு ஒவ்வொரு படியின் விளிம்பும் தெரிய வேண்டும்.

வாசலுக்கு மஞ்சள். மழைக்காலத்தில் ஈசலும் பூச்சியும் நீலம் அதிகமுள்ள வெளிச்சத்துக்குத்தான் மொய்க்கும். 2700-க்கு வருவது குறைவு, பல்லியும் குறைவு. ஆனால் மார்கழியில் கலர் கோலம் போடுகிறவர்கள் ஜாக்கிரதை. எங்கள் தெருவில் மஞ்சளாக எரிகிற சோடியம் விளக்கு இருந்த காலத்தில், விடியற்காலை ஐந்து மணிக்கு மயில் ஒன்று போட்டேன். கழுத்துக்கு நீலம் என்று நினைத்து நிரப்பினது விடிந்ததும் ஊதாவாக இருந்தது. கத்திரிக்காய் நிறத்தில் மயில். பொடி டப்பாவில் பெயர் எழுதி ஒட்டுவேன் அன்றிலிருந்து. தேவனாம்பட்டினம் மாதிரி கடலோரத்தில் வீடு என்றால் வாசல் ஹோல்டரையும் பாருங்கள். உப்புக்காற்றில் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் துருப்பிடித்து பல்பு மினுக்கும். பல்பைக் குறை சொல்லிக்கொண்டு எங்கள் கடைக்கு வருவார்கள்.

நிறம் வேறு, வெளிச்சத்தின் அளவு வேறு. "மஞ்சள் போட்டேன், இருட்டா இருக்கு" என்று திருப்பிக் கொண்டுவருபவர்களில் பாதிப் பேர் 9 வாட்ஸை எடுத்துவிட்டு 5 வாட்ஸ் மாட்டியிருப்பார்கள். பெட்டியில் வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் லூமென் எண்ணைப் பாருங்கள். 9 வாட்ஸுக்கு 900 பக்கம், 20 வாட்ஸ் டியூப்புக்கு 2000 பக்கம் இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு மொத்தம் 2000 இருந்தால் வழக்கமான புழக்கத்துக்குக் காணும். ஐஎஸ்ஐ காலத்து ஆட்கள் முத்திரையைத் தேடுவார்கள். எல்இடி பல்பில் பார்க்க வேண்டியது ஐஎஸ் 16102 என்ற எண்ணும், 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும். அது இல்லாதது பாதி விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஒரே பல்பில் மூன்று நிறம் வருகிற மாதிரியும் விற்கிறோம். ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டால் வெள்ளை, மஞ்சள், நடுவாந்திரம் என்று மாறும். முடிவெடுக்க முடியாதவர்களுக்கு நல்லதுதான். ஆனால் நம் ஊரில் கரண்ட் ஒரு நொடி போய்த் திரும்ப வந்தாலே அது அடுத்த நிறத்துக்குத் தாவிவிடும். மழை நாளில் ராத்திரி பத்து மணிக்கு, படுக்கப் போகிற நேரத்தில், சொல்லாமல் கொள்ளாமல் அறை வெள்ளையாகும்.

இனி வாங்குகிற முறை. கடையில் எல்லா பல்பையும் வரிசையாக எரியவிட்டுக் காட்டுவோம். அங்கே நின்று முடிவு பண்ணாதீர்கள். கடையில் அத்தனை வெள்ளைக்கு நடுவில் 3000 எரிந்தால் அழுக்கு மஞ்சளாகத்தான் தெரியும். பத்துப் பேரில் ஒன்பது பேர் அதனால்தான் 6500-ஐ எடுக்கிறார்கள். அறைக்கு இரண்டு பல்பு மட்டும் வாங்கிப் போங்கள், 3000-ல் ஒன்று, 4000-ல் ஒன்று, ஒரே வாட்ஸ். பகலில் மாட்டிப் பார்த்துப் பிரயோஜனமில்லை. ராத்திரி ஏழு மணிக்கு மேல் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஒன்றை மாட்டி, அந்த அறையில் வழக்கமாகச் செய்கிற வேலையைச் செய்யுங்கள். சாப்பிடுங்கள், மடித்த துணியை அடுக்குங்கள், பேப்பர் படியுங்கள். கால் மணி நேரம் போகட்டும், கண் பழகட்டும். மறுநாள் மற்றதை மாட்டி அதே வேலை. வீட்டில் வயசானவர்கள் இருந்தால் அவர்களையும் கேளுங்கள், அவர்கள்தான் அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர்கள்.

பிடிக்காததை மூன்று நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவேன். பெட்டியைப் பக்கவாட்டில் பதமாகத் திறங்கள். மேல்பக்கம் கிழித்துக்கொண்டு வந்தால் மட்டும் என்னிடம் பேசாதீர்கள்.